யாரும் கவனிக்காத மாதங்கள்: கொசு பரப்பும் வைரஸ்களின் தடத்தை மரபணு எப்படிக் காட்டுகிறது

பிரேசிலில் ஜிகா வைரஸ் இருப்பது 2015 மே மாதம் உறுதியானது. அந்த ஆண்டு முடிவதற்குள், தலை சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் திடீரென ஏறியது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைச் சர்வதேச அவசரநிலையாக அறிவித்தது. 1947-இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கின் ரத்தத்தில் கண்டெடுக்கப்பட்டு, அறுபது ஆண்டுகள் யார் கவனத்துக்கும் பெரிதாக வராமல் கிடந்த வைரஸ் இது. 2007-இல் யாப் தீவு, 2013-14-இல் பிரெஞ்சு பாலினேசியா என்று பசிபிக்கில் தலைகாட்டியது. அங்கிருந்து தென் அமெரிக்காவுக்கு எப்போது போனது? யார் வழியாகப் போனது?

இரண்டு கதைகள் உலவின. ஒன்று, 2014 ஜூன், ஜூலையில் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து; உலகம் முழுவதிலிருந்தும் ரசிகர்கள் வந்தார்கள், வைரஸும் கூடவே வந்திருக்கும் என்பது. இதில் ஓர் ஓட்டை இருந்தது: ஜிகா பரவியிருந்த பசிபிக் தீவு எதுவும் அந்தப் போட்டியில் ஆடவில்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்தது இரண்டாவது கதை. 2014 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோவில் ஒரு துடுப்புப் படகுப் போட்டி நடந்தது. அதில் பசிபிக் தீவு அணிகள் கலந்துகொண்டன, பிரெஞ்சு பாலினேசியா உட்பட. கச்சிதமாகப் பொருந்துகிறது அல்லவா? நாளிதழ்களுக்கு மிகவும் பிடித்துப்போன கதை.

2016 மார்ச்சில் பிரேசில் நோயாளிகளிடமிருந்து எடுத்த ஏழு வைரஸ்களின் மரபணு வரிசையை ஆராய்ந்த குழு ஒன்று, இரண்டு கதைகளையும் ஒரே வீச்சில் தள்ளிவிட்டது. அமெரிக்கக் கண்டங்களில் பரவியிருந்த ஜிகா வைரஸ்கள் எல்லாம் ஒரே ஒரு நுழைவின் வழித்தோன்றல்கள். அந்த நுழைவு 2013 மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் இடையில் நடந்திருக்க வேண்டும் என்றது கணக்கு. மேலும் பல மரபணு வரிசைகளைச் சேர்த்து 2017-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, வடகிழக்கு பிரேசிலில் 2014 பிப்ரவரிவாக்கிலேயே வைரஸ் பரவத் தொடங்கிவிட்டது என்றது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், படகுப் போட்டிக்குத் துடுப்பு எடுத்தபோது வைரஸ் வந்து இறங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முதல் நோயாளி உறுதியாவதற்கு முன்பு ஓராண்டுக்கும் மேலாக அது ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. அதே பகுதிகளில் டெங்குவும் சிக்குன்குனியாவும் இருந்ததால், காய்ச்சலும் தடிப்பும் வந்தவர்களை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

மரபணு ஆய்வு என்றதும் பலருக்கும் துப்பறியும் கதைதான் நினைவுக்கு வருகிறது: யாரிடமிருந்து யாருக்கு, எந்தக் கொசு, எந்த வீடு. கொசு பரப்பும் நோய்களில் அந்த அளவுக்கு நுணுக்கமான பதில் பெரும்பாலும் கிடைக்காது. அது நம்பகமாகத் தருவது வேறொன்று. நாம் கவனிக்காமல் விட்ட காலம் எவ்வளவு நீளம், அந்தக் காலத்தில் வைரஸ் எத்தனை தடவை உள்ளே வந்தது என்பதை அது சொல்லும்.

எழுத்துப் பிழைகளின் கணக்கு

ஜிகா, டெங்கு, மஞ்சள் காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகியவை ஒரே குடும்பத்து வைரஸ்கள். சிக்குன்குனியா வேறு குடும்பம். ஆனால் இவை அனைத்துக்கும் மரபணு என்பது ஓர் ஆர்என்ஏ இழைதான். நீளம் ஏறத்தாழ 11,000 எழுத்துகள். மனித மரபணுத் தொகுதி 300 கோடி எழுத்துகள் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச் சீட்டு. இந்தச் சீட்டை ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும், எடுக்கும் நொதி தன் பிழையைத் தானே சரிபார்ப்பதில்லை. எனவே பிழைகள் விழுகின்றன. பல பிழைகள் வைரஸையே முடக்கிவிடும். அவை அத்தோடு போய்விடும். தீங்கு செய்யாத சில தப்பிப் பிழைத்து அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த வேலை நன்றாகப் புரியும். ஒரே நூலின் பத்துச் சுவடிகள் கிடைத்தால், எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்று பாடபேதங்களை வைத்துத்தான் அவர்கள் கண்டார்கள். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவையாக இருக்கலாம். ஒன்றில் அந்தப் பிழையும் இன்னும் மூன்று புதிய பிழைகளும் இருந்தால், அது பிறகு வந்த கிளை. வைரஸ் மரபணு வரிசைகளையும் இப்படியே அடுக்கி ஒரு கிளைமரம் வரைகிறார்கள். சுவடிகளில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: பிழைகள் ஓரளவு சீரான வேகத்தில் விழுகின்றன. ஜிகாவில் ஆண்டுக்குச் சுமார் பத்து எழுத்துகள் மாறும். தோராயமாக மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சீரான வேகம்தான் கடிகாரம். வெவ்வேறு தேதிகளில் எடுத்த மாதிரிகள் கையில் இருக்கின்றன. கிளைமரத்தின் வேரிலிருந்து ஒவ்வொரு மாதிரியும் எத்தனை எழுத்து விலகியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். பிந்திய தேதி மாதிரிகள் கூடுதலாக விலகியிருக்கும். தேதியை ஓர் அச்சிலும் விலகலை இன்னோர் அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு சாய்கோட்டில் அமையும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், விலகல் பூஜ்யமாகும் இடத்தில் ஒரு தேதி கிடைக்கும். அதுதான் இந்த மாதிரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை வைரஸ் வாழ்ந்த காலம்.

நடைமுறையில் இது இவ்வளவு எளிதாக இல்லை. ஒரே ஒரு மரம் மட்டும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கணினி லட்சக்கணக்கான மரங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தெந்த மரங்கள் தரவோடு நன்றாக ஒத்துப்போகின்றன என்று எடைபோடுகிறது. அதனால் விடை எப்போதும் ஒரு வீச்சாகத்தான் வரும். "2013 மே முதல் டிசம்பர் வரை" என்பது அப்படி வந்த விடை. செய்தியாகும்போது வீச்சு உதிர்ந்து ஒற்றைத் தேதி மட்டும் நிற்பது வழக்கமாகிவிட்டது. இந்தத் துறையின் செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த வீச்சைத்தான். அது இல்லாத செய்தி பாதிச் செய்தி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பொது மூதாதை வாழ்ந்த காலமும் வைரஸ் நாட்டுக்குள் நுழைந்த நாளும் ஒன்றல்ல. மூதாதை வேறு நாட்டில் இருந்திருக்கலாம். அதன் இரண்டு வாரிசுகள் தனித்தனியாக நுழைந்திருக்கலாம். ஒரே நுழைவுதான் என்று தெரிந்தால்கூட, பிறந்த இடத்து உறவினரிடமிருந்து கிளை பிரிந்த காலத்துக்கும், வந்த இடத்தில் அது முதன்முதலாகக் கிளைவிட்ட காலத்துக்கும் இடையில் எங்கோ நுழைவு நடந்தது என்று மட்டுமே சொல்லலாம். பிரிந்த இடத்திலிருந்து போதிய மாதிரிகள் இல்லையென்றால் அந்த இடைவெளி விரிந்துகொண்டே போகும்.

இடையில் ஒரு கொசு

காற்றில் பரவும் வைரஸ் மனிதரிலிருந்து மனிதருக்குத் தாவுகிறது. டெங்கு வைரஸ் அப்படிச் செய்ய முடியாது. ஏடிஸ் பெண் கொசு நோயாளியின் ரத்தத்தைக் குடித்தபின், வைரஸ் அதன் குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். பிறகு கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் சில நாட்கள். ஒரு நோயாளியிலிருந்து அடுத்த நோயாளிவரை இரண்டு மூன்று வாரங்கள் என்றால், மாதத்துக்கு ஓர் எழுத்து மாறும் வேகத்தில், அடுத்தடுத்த இருவரிடம் உள்ள வைரஸ் எழுத்துக்கு எழுத்து ஒரேமாதிரி இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டாரிடமிருந்து இவருக்கு வந்ததா, இவரிடமிருந்து அவருக்குப் போனதா என்று மரபணு சொல்லாததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், அறிகுறியே இல்லாதவர்கள். ஜிகா தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு எதுவும் தெரிவதில்லை. டெங்குவிலும் பெரும்பான்மை அப்படித்தான். அவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை, மாதிரியும் கிடைப்பதில்லை. ஆனால் சங்கிலியில் அவர்களும் கண்ணிகள்தாம்.

இரட்டை வாழ்க்கைக்கு இன்னொரு விளைவு உண்டு. மனித உயிரணுவிலும் பெருக வேண்டும், பூச்சியின் உயிரணுவிலும் பெருக வேண்டும். ஒன்றில் உதவும் மாற்றம் மற்றதில் இடறிவிடலாம். இந்த இருபக்க நெருக்கடியால், கொசு பரப்பும் வைரஸ்களின் மரபணு மற்ற பல ஆர்என்ஏ வைரஸ்களைவிட நிதானமாக மாறுவதாகக் கருதுகிறார்கள். கடிகாரத்தின் முள் மெதுவாக நகர்கிறது. அதனால் வாரக் கணக்கைக் காட்டத் தடுமாறும், ஆனால் மாதக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் நன்றாகவே காட்டும்.

ஆள் விவரம் தெரியாவிட்டாலும், போதுமான மாதிரிகள் இருந்தால் அக்கம்பக்க அளவில் எவ்வளவு பார்க்க முடியும் என்பதற்கு பாங்காக் ஆய்வு நல்ல சான்று. 1994 முதல் 2010 வரையிலான டெங்கு நோயாளிகளின் வீட்டு இருப்பிடம், வைரஸ் வகை, ஒரு பகுதியினருக்கு மரபணு வரிசை ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்ந்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. 200 மீட்டருக்குள் வசிக்கும் நோயாளிகளில், ஒரே பருவத்தில் வந்த தொற்றுகளில் 60 சதவீதம் ஒரே சங்கிலியைச் சேர்ந்தவை. ஒன்று முதல் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களிடையே அது 3 சதவீதம்தான். நகரம் முழுக்க டெங்கு என்று நாம் சொல்வது, உண்மையில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சிறு சங்கிலிகள் ஒரே நேரத்தில் ஓடுவது. ஏடிஸ் எஜிப்டி கொசு பொதுவாக ஒருசில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது. அதற்கு மேலான தூரத்துக்கு வைரஸைச் சுமப்பது மனிதர்கள்தாம், பேருந்திலும் விமானத்திலும்.

வரிசையைப் படிப்பதே பெரும்பாடு

ஜிகா ஆய்வாளர்களுக்கு முதலில் வாய்த்தது ஏமாற்றம். நோயாளி மருத்துவரிடம் வரும்போது ரத்தத்தில் வைரஸின் அளவு மிகவும் குறைந்துவிடுகிறது. மாதிரியில் உள்ள மரபணுப் பொருளில் ஏறக்குறைய எல்லாமே மனிதருடையது. வைரஸுடையது அதற்குள் மூழ்கிக் கிடக்கும். 2016 ஜூனில் பிரேசில், பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு சிறு பேருந்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, வடகிழக்குக் கடற்கரை மாநிலங்களின் பொது சுகாதார ஆய்வகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார்கள். கையில் அடங்கும் நானோபோர் கருவி உடனிருந்தது. மரபணு இழை ஒரு நுண்துளை வழியே போகும்போது மின்னோட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வைத்து எழுத்துகளைப் படிக்கும் கருவி அது. கருவி தயாராக இருந்தது. மாதிரிகளில்தான் வைரஸ் போதவில்லை.

இந்த முட்டுக்கட்டையிலிருந்து பிறந்த உத்தி பிறகு உலகம் முழுக்கப் பயன்பட்டது. 11,000 எழுத்துகளையும் ஒரே மூச்சில் படிக்க முயலாமல், சுமார் 400 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக, ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டையும் பிசிஆர் முறையில் பல மடங்கு பெருக்கிவிட்டுப் படித்து, பிறகு ஒட்டவைத்தார்கள். சிதைந்த, மெலிந்த மாதிரியிலிருந்தும் முழு வரிசையின் பெரும்பகுதியை இப்படி மீட்க முடிந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது பல நாட்டு ஆய்வகங்கள் எடுத்தாண்டது இதே அணுகுமுறையைத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. துண்டுகளைப் பெருக்குவதற்குப் பயன்படும் தொடக்க இழைகள், ஏற்கெனவே தெரிந்த வைரஸை வைத்து வடிவமைக்கப்பட்டவை. வைரஸ் அந்த இடத்தில் மாறியிருந்தால் துண்டு பெருகாது. வரிசையில் ஓட்டை விழும். நான்கு வகைகளும் அவற்றுக்குள் பல உட்கிளைகளும் கொண்ட டெங்குவுக்கு ஒரே தொகுப்பு போதாது என்பது இதனால்தான்.

குரங்குகளா, நகரத்துக் கொசுக்களா?

2016 டிசம்பரில் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மஞ்சள் காய்ச்சல் கிளம்பியது. பல பத்தாண்டுகளில் அந்நாடு காணாத அளவு. அங்கே காட்டில் இந்த வைரஸ் எப்போதும் உண்டு. மர உச்சிகளில் வாழும் ஹெமகோகஸ் கொசுக்களும் குரங்குகளும் அதைத் தமக்குள் சுற்றவிடும். காட்டுக்குள் போகும் மனிதருக்கு எப்போதாவது தொற்றும். நகரத்து ஏடிஸ் எஜிப்டி வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது பிரேசிலில் 1942-க்குப் பிறகு நடக்கவில்லை. இப்போது அது மீண்டும் தொடங்கிவிட்டதா என்பதுதான் எல்லோருடைய அச்சமும். பெருநகரங்கள் பக்கத்தில் இருந்தன, தடுப்பூசி போடாதவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள்.

இரண்டில் எது என்பதற்கேற்ப மரத்தின் வடிவம் மாறும். நகரத்தில் மனிதச் சங்கிலி ஓடினால், மனிதரிடம் எடுத்த வைரஸ்கள் மரத்தில் ஒரே கொத்தாக, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தபடி நிற்கும். காட்டிலிருந்து திரும்பத் திரும்பத் தொற்றினால், மனித வைரஸ்கள் குரங்கு வைரஸ்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும். செத்துக் கிடந்த குரங்குகளிடமிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் எடுத்த வரிசைகளை அடுக்கியபோது கிடைத்தது இரண்டாவது வடிவம். நோயாளிகளில் 85 சதவீதம் ஆண்கள், அதிலும் 35 முதல் 54 வயதுக்காரர்கள் அதிகம் என்பதும் காட்டோரம் வேலைசெய்பவர்களையே காட்டியது. வைரஸ் ஒரு நாளைக்குச் சுமார் 3.3 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்திருக்கிறது என்றும் கணக்கிட்டார்கள். எந்தத் திசையில், எந்தப் பகுதியில் முதலில் தடுப்பூசி போடவேண்டும் என்பதற்கு இதைவிடப் பயனுள்ள தகவல் அரிது.

குரங்குகள்தான் நோயைப் பரப்புகின்றன என்று பயந்து அவற்றை அடித்துக் கொன்றவர்களும் அப்போது இருந்தார்கள். மனிதருக்கு முன்பே செத்து விழுந்து எச்சரிக்கை கொடுப்பவை அவைதாம்.

ஓர் எழுத்து மாறினால்

வழித்தடம் மட்டுமே மரபணுவில் இல்லை. வைரஸின் குணம் மாறியதும் சில வேளை பதிந்திருக்கும். 2005-06-இல் இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவில் சிக்குன்குனியா பரவி, மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைப் படுக்கவைத்தது. அந்தத் தீவில் பெரிதும் காணப்படுவது ஏடிஸ் எஜிப்டி இல்லை. ஏடிஸ் அல்போபிக்டஸ் எனும் புலிக்கொசு. பரவலின் தொடக்கத்தில் எடுத்த வைரஸ்களையும் பிறகு எடுத்தவற்றையும் ஒப்பிட்டபோது, உறைப் புரதம் ஒன்றில் 226-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற இன்னொன்று வந்திருந்தது. இந்த ஒரு மாற்றம் புலிக்கொசுவுக்குள் வைரஸ் பெருகும் திறனைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2007-இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின.

2006-இல் இந்தியாவில் பெரும் பரவல் நடந்தபோது அங்கே எடுத்த வைரஸ்களில் இந்த மாற்றம் இல்லை. 2007-இல் புலிக்கொசு மிகுந்த கேரளத்தில் அது தோன்றியது. ரெயூனியனிலிருந்து வந்ததா? இல்லை. கேரள வைரஸின் மற்ற எழுத்துகள் எல்லாம் அதை இந்தியக் கிளையிலேயே வைக்கின்றன. அதே மாற்றம் அங்கே தனியாக, புதிதாக நிகழ்ந்திருக்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு ஏடெழுதிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்ததுபோல. ஒரு முக்கியமான மாற்றத்தை மட்டும் பார்த்து உறவைத் தீர்மானித்தால் எப்படி வழுக்கி விழுவோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. முழு வரிசை வேண்டும் என்று ஆய்வாளர்கள் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதே 2007 கோடையில் இத்தாலியின் வடகிழக்கில் இரண்டு சிறு கிராமங்களில் தொடங்கிய சிக்குன்குனியா 200 பேருக்கு மேல் தொற்றியது. கேரளத்திலிருந்து திரும்பிய ஒரு பயணியிடமிருந்து தொடங்கியது என்று நோயாளிகளின் பயண விவரமும் காட்டியது, மரபணுவும் காட்டியது. அங்கே இருந்ததும் புலிக்கொசுதான். மிதவெப்ப ஐரோப்பாவில் இது நடக்காது என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று.

ஆசியாவில் பல பத்தாண்டுகளாகப் புழங்கிவந்த பழைய சிக்குன்குனியா கிளை மட்டும் ஏன் இந்த மாற்றத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை? அதே புரதத்தில் 98-ஆவது இடத்தில் அதற்கு வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. அது இருக்கும்வரை 226-இல் மாறினாலும் பலன் இல்லை. முன்னோரின் ஒரு தற்செயல், வாரிசுகளின் வழியை அடைத்துவிட்டது.

டெங்குவிலும் இப்படி ஒரு கதை உண்டு. கொழும்பில் 1980-களில் நான்கு வகை டெங்குவும் புழங்கின, ஆனால் ரத்தக்கசிவு வரை போகும் கடும் நோய் அரிதாகவே இருந்தது. 1989-இலிருந்து அது அடிக்கடி வரத் தொடங்கியது. வகைகளைப் பார்த்தால் அதே நான்குதான். புதிதாக எதுவும் தெரியவில்லை. மரபணு வரிசையைப் பார்த்தபோதுதான், மூன்றாம் வகையின் புதிய கிளையொன்று அந்த ஆண்டுவாக்கில் தலையெடுத்திருப்பது புரிந்தது. அதன் நெருங்கிய உறவினர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், 1990-களின் நடுவில் லத்தீன் அமெரிக்காவிலும் பெரும் பரவல்களை உண்டாக்கின.

மாதிரி இல்லாத ஊர் மரத்தில் இல்லை

1999-இல் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன, முதியவர்கள் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதலில் வேறொரு வைரஸ் என்று நினைத்து, பிறகு வெஸ்ட் நைல் என்று கண்டார்கள். அதன் மரபணு, 1998-இல் இஸ்ரேலில் ஒரு வாத்தினப் பறவையிலிருந்து எடுத்த வைரஸோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது. அதனால் இஸ்ரேலிலிருந்து வந்தது என்று எழுதினார்கள். கண்டிப்பாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அப்போது வரிசை தெரிந்திருந்த வைரஸ்களில் அதுவே மிக நெருக்கமானது. பக்கத்து நாடுகளில் அதே வைரஸ் புழங்கியிருந்தும் யாரும் மாதிரி எடுக்காமல் விட்டிருந்தால், அந்த நாடு மரத்தில் இருக்காது. மாதிரி எடுத்தவர் தலையில்தான் பழி விழும். கண்காணிப்பை ஒழுங்காகச் செய்யும் நாடுதான் எப்போதும் "பிறப்பிடம்" ஆகத் தெரியும் என்ற விபரீதம் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. தரவைத் தயக்கமில்லாமல் பகிர்ந்துகொள்ளும்படி நாடுகளைக் கேட்பவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

எழுத்துகளோடு வரும் குறிப்புகளும் அதே அளவுக்கு முக்கியம். மாதிரி எடுத்த தேதி இல்லாவிட்டால் கடிகாரம் ஓடாது. இடம் இல்லாவிட்டால் தடம் இல்லை. நோயாளி அண்மையில் எங்கே பயணம் செய்தார் என்பது தெரியாவிட்டால், வெளியூரில் வாங்கிய தொற்று உள்ளூர்க் கிளையாக வரையப்படும். பொதுத் தரவுத்தளங்களில், எடுத்த ஆண்டு மட்டும் குறிப்பிட்டு மாதம், ஊர் எதுவும் இல்லாமல் கிடக்கும் வரிசைகள் ஏராளம். கருவி மலிவாகிவிட்டது, படிவத்தை நிரப்புவது இன்னும் மலிவாகவில்லை.

2016-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த விவரங்கள் எல்லாம் ஒருங்கே கிடைத்தன. மயாமியின் வின்வுட் பகுதியில் உள்ளூர்க் கொசு வழியாக ஜிகா தொற்றியது ஜூலை கடைசியில் அறிவிக்கப்பட்டது. நோயாளிகளிடமும் கொசுக்களிடமும் எடுத்த மரபணு வரிசைகள், வைரஸ் அந்த இளவேனிலிலேயே வந்திருக்கக்கூடும் என்றன. ஒரு தடவை இல்லை. குறைந்தது நான்கு தடவை, ஒருவேளை நாற்பது தடவை வரையிலும். பெரும்பாலும் கரீபியத் தீவுகளிலிருந்து. ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே பரப்பினார், அதனால் ஒவ்வொரு சங்கிலியும் தானாகவே அறுந்துவிடக்கூடியது. ஆனாலும் மொத்தம் 256 உள்ளூர்த் தொற்றுகள் பதிவாகின, ஏனென்றால் புதிய சங்கிலிகள் வந்துகொண்டே இருந்தன. உள்ளூரில் கொசு மருந்து அடிப்பது ஒவ்வொரு சங்கிலியையும் குட்டையாக்கும். எத்தனை சங்கிலிகள் தொடங்கும் என்பதைத் தீர்மானித்தது கரீபியத்தில் எவ்வளவு ஜிகா இருக்கிறது என்பதுதான்.

அந்தக் கரீபியத்தில் ஒரு நாடு கண்ணில் படாமல் இருந்தது. 2016 தொடக்கத்தில் கியூபா ஆயிரக்கணக்கான ராணுவத்தினரை இறக்கிக் கொசு ஒழிப்பு நடத்தியது. அந்த ஆண்டு அங்கே ஜிகா குறைவாகவே இருந்தது. 2017-இல் மற்ற நாடுகளில் பரவல் ஓய்ந்தது, கியூபாவிலிருந்து சர்வதேச அமைப்புகளுக்கு எந்த எண்ணிக்கையும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று உலகம் நினைத்தது. ஆனால் கியூபாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் ஃபுளோரிடாவிலும் ஐரோப்பாவிலும் ஜிகாவோடு மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எத்தனை பேர் பயணம் போனார்கள், அவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற விகிதத்தை மற்றத் தீவுகளோடு ஒப்பிட்டு, கியூபாவில் 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்திருக்க வேண்டும் என்று 2019-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பயணிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒன்பது வைரஸ் வரிசைகள், ஜிகா வேறு தீவுகளிலிருந்து பல தடவை நுழைந்து, மற்ற இடங்களைவிட ஓராண்டு பிந்திக் கியூபாவில் வேரூன்றியதைக் காட்டின. கொசு ஒழிப்பு பரவலைத் தள்ளிப்போட்டிருக்கிறது, தடுத்து நிறுத்தவில்லை.

ஒரு நாட்டின் உள்ளே கால் வைக்காமலே அதன் பரவலை வரைந்த இந்த உத்தி, சுற்றுலாப் பயணிகள் குவியும் தீவுக்குப் பொருந்தியது. விமானங்கள் அதிகம் இறங்காத இடங்களுக்கு, திரும்பிப் போகும் பயணியைச் சோதிக்க வசதியான ஆய்வகம் மறுமுனையில் இல்லாத வழித்தடங்களுக்கு, அது பொருந்தாது. டெங்கு ஆண்டு முழுக்கப் புழங்கும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து பொதுத் தரவுத்தளங்களில் இருக்கும் வரிசைகள் சொற்பம். அவற்றிலும் பல, ஐரோப்பாவுக்கோ ஆசியாவுக்கோ திரும்பிய பயணிகளின் ரத்தத்தில் கிடைத்தவைதாம்.